பொரித்த எண்ணெயிலிருந்து எரிபொருள்: சங்கங்கள் செய்யத்தக்கதும் தகாததும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை முடிந்து வெளிவரும் தொழிலாளருக்கு மாலைச் சிற்றுண்டி அளிப்பவை பெரும்பாலும் வீதியோரக் கடைகளே. குடியாத்தத்தில் தறியை விட்டு எழும் நெசவாளருக்கும், நிலக்கடலை மூட்டையுடன் சந்தைக்கு வரும் விவசாயிக்கும் அவ்வாறே. வடையும் போண்டாவும் பஜ்ஜியும் பொரித்த கோழியும் வெந்த அந்தச் சட்டியில், இரவு கடை கட்டும் வேளையில் எஞ்சி நிற்கும் கறுத்த எண்ணெய் எங்கே போகிறது? இக்கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை.

அது போகும் வழிகள் மூன்று. மறுநாள் காலையில் அதன்மேல் சிறிது புது எண்ணெயை ஊற்றி மீண்டும் அடுப்பில் ஏற்றுவது ஒன்று. பெரிய கடைக்காரர் மலிவு விலைக்கு விற்க, சிறிய கடைக்காரர் வாங்கிப் பொரிப்பது மற்றொன்று. சாக்கடையில் கொட்டிவிடுவது மூன்றாவது. முதல் இரண்டு வழிகளும் அந்த எண்ணெயை நம் வயிற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. மூன்றாவது பாலாற்றுக்கு அனுப்புகிறது. நான்காவது வழி ஒன்று உண்டு. அந்த எண்ணெயைச் சேகரித்து, டீசல் இஞ்சினில் எரியக்கூடிய பயோடீசலாக மாற்றுவதே அது. அது எவ்வாறு செய்யப்படுகிறது, அதில் நம் சங்கங்களின் பங்கு எதுவரை செல்லலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய் கெடுவது எவ்வாறு?

எந்தச் சமையல் எண்ணெயும் அடிப்படையில் ஒரே அமைப்புடையது. கிளிசரின் என்னும் ஒரு தண்டில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கோத்திருக்கின்றன என்று கொள்ளலாம். கடலை எண்ணெயோ, பாமாயிலோ, சூரியகாந்தி எண்ணெயோ, சங்கிலிகளின் வகை வேறுபடுமேயன்றி இந்த அமைப்பு மாறுவதில்லை.

கொதிக்கும் எண்ணெயில் ஈரமான மாவை இட்டால் மூன்று காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. மாவிலுள்ள நீர் சில சங்கிலிகளைத் தண்டினின்று அறுத்து விடுகிறது. அவை தனிக் கொழுப்பு அமிலங்களாக எண்ணெயில் தங்குகின்றன. காற்றிலுள்ள பிராணவாயு சங்கிலிகளைத் தாக்கிக் காறல் வாடையை உண்டாக்குகிறது. சூடு சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து எண்ணெயைத் தடிப்பாக்குகிறது. எண்ணெய் கறுப்பதும், நுரைப்பதும், முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைவதும் இம்மாற்றங்களின் அடையாளங்கள். இவ்வாறு தோன்றும் கெட்ட பொருள்கள் அனைத்தையும் சேர்த்து ‘மொத்த முனைவுச் சேர்மங்கள்’ என்று அறிவியலார் அளக்கின்றனர். கையில் பிடித்துச் சட்டியில் முக்கியவுடன் இந்த அளவைக் காட்டும் கருவிகளும் உள்ளன.

கெட்ட எண்ணெயின்மேல் புது எண்ணெயை ஊற்றுவதால் பழையது சீராவதில்லை; புதியதும் விரைந்து கெடுகிறது. புளித்த மோரில் பாலை ஊற்றியவர் பாலையே இழப்பதைப் போன்றது இது.

சட்டம் வகுத்துள்ள எல்லை

மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்தது. இவ்விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் ‘ரூக்கோ’ என்னும் திட்டத்தையும் அந்த ஆணையம் தொடங்கியது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் உணவு நிறுவனங்கள், வாங்கிய எண்ணெய்க்கும் கழித்த எண்ணெய்க்கும் கணக்கு வைத்து, கழித்ததை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டுமென்ற கட்டளை 2019 மார்ச் 1 முதல் வந்தது.

வாங்குவோருக்கும் குறைவில்லை. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவிகிதம் பயோடீசல் கலப்பதைக் குறிக்கோளாக வைத்தது. 2019 ஆகஸ்டு 10ஆம் தேதியன்று அரசுத் துறை எண்ணெய் நிறுவனங்கள், பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை நூறு நகரங்களில் வாங்கிக்கொள்ள முன்வந்து, முதலாண்டுக்கு லிட்டருக்கு 51 ரூபாய் என விலையும் அறிவித்தன. வெளிநாடு செல்லும் விமானங்களின் எரிபொருளில் 2027இல் 1 சதவிகிதம் புதுவகை எரிபொருள் கலக்கவும் இந்திய அரசு குறிக்கோள் வகுத்துள்ளது. அதற்கும் பொரித்த எண்ணெய் மூலப்பொருளாகும்.

ஆயினும் 50 லிட்டர் என்ற அந்த எல்லையை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். பெரிய உணவு விடுதிகள் அதற்குள் அடங்கும். தள்ளுவண்டியும், இரண்டு பெஞ்சு போட்ட பலகாரக் கடையும் அடங்கா. நம் அங்கத்தினரும் அவர்தம் மக்களும் அன்றாடம் உண்பதோ இக்கடைகளில். சட்டத்தின் கை எட்டாத இந்த இடைவெளியில்தான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது.

எண்ணெய் எரிபொருளாவது எவ்வாறு?

தாவர எண்ணெயால் இஞ்சினை ஓட்டுவது புதுமையன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இஞ்சின் நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றினால் நாளடைவில் இஞ்சின் பழுதாகும். சமையல் எண்ணெய் டீசலைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு தடிப்புள்ளது. பம்புசெட்டு இஞ்சினிலோ டிராக்டரிலோ அதை ஊற்றினால் எண்ணெய் பீய்ச்சும் நுண்துளைகள் அடைபடும், கரி படியும். ‘வடித்து ஊற்றினால் ஓடும்’ என்று யாரேனும் சொன்னால், சில நாள் ஓடும் என்பது உண்மை. பின்பு மெக்கானிக்குக்குக் கொடுக்கும் தொகை மிச்சப்பட்ட டீசலின் விலையை விழுங்கிவிடும்.

இத்தடிப்பை நீக்கும் வழியை 1937இல் பெல்ஜியத்தில் சவான் என்பவர் காப்புரிமை செய்தார். மறு ஆண்டே பனை எண்ணெயிலிருந்து அவ்வழியில் செய்த எரிபொருளால் பிரஸ்ஸல்ஸ், லூவென் நகரங்களுக்கிடையே ஒரு பஸ் ஓட்டப்பட்டது. இன்றைய முறையும் அடிப்படையில் அதுவே.

எண்ணெயில் மூன்று சங்கிலிகள் ஒரு தண்டில் கோத்துள்ளன என்றோம். அந்தக் கனமான தண்டிலிருந்து சங்கிலிகளை விடுவித்து, ஒவ்வொன்றையும் மெத்தனால் என்னும் இலேசான சாராய வகையுடன் தனித்தனியே சேர்த்துவிட்டால், நீர்த்து ஓடும் மூன்று சிறு மூலக்கூறுகள் கிடைக்கும். அவையே பயோடீசல். விடுபட்ட தண்டு கிளிசரினாக அடியில் தங்கும். இந்த மாற்றத்தைத் தூண்டுவதற்குச் சிறிதளவு காரம் வேண்டும். நூலைக் காரத்தில் வேகவைக்கும் சாயப்பட்டறைக்காரர் நன்கறிந்த காஸ்டிக் சோடாவே அதற்குப் போதும்.

வேலையின் வரிசை இது. முதலில் எண்ணெயை வடிகட்டி மாவுத் துகளையும் கசடையும் நீக்குவர். அடுத்து, சூடேற்றி நீரைப் போக்குவர். பின்னர் எண்ணெயிலுள்ள தனிக் கொழுப்பு அமிலத்தின் அளவைச் சோதிப்பர். அது ஏறக்குறைய 2 சதவிகிதத்துக்குள் இருந்தால் காரத்தைக் கரைத்த மெத்தனாலை நேரே சேர்க்கலாம். மிகுந்திருந்தால் முதலில் கந்தக அமிலத்தின் துணையால் அந்த அமிலங்களை மெத்தனாலுடன் சேர்த்த பின்னரே காரத்தைச் சேர்க்க வேண்டும். கலவையை ஏறக்குறைய 60 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஒரு மணி நேரம் கலக்குவர். நிற்க வைத்தால் கனத்த கிளிசரின் அடியிலும் பயோடீசல் மேலுமாகப் பிரியும். மேலுள்ளதை எடுத்துக் கழுவி, உலர்த்தி, இந்தியத் தர நிர்ணயத்தின்படி சோதித்த பின்பே எரிபொருள் என்று சொல்லலாம்.

அளவில் சொன்னால், 100 கிலோ எண்ணெயும் சுமார் 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோவுக்குச் சற்று மேலாகக் கிளிசரினும் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. செய்முறையில் மெத்தனாலை இரட்டிப்பாக இட்டு, மிஞ்சியதை வாலையில் வடித்து மீட்கின்றனர். கெட்ட எண்ணெயில் இழப்பும் அதிகம்.

நீரும் தனி அமிலமும் ஏன் இவ்வளவு கவனிக்கப்படுகின்றன? காரமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் பிறப்பது சோப்பு. நீர் இருந்தால் அது இன்னும் மிகும். சோப்பு கலந்துவிட்டால் கிளிசரின் பிரியாமல் எல்லாம் கூழாகிவிடும். ஆகவே எரிபொருளின் தரம் ஆலையில் தொடங்குவதில்லை. கடைக்காரர் எண்ணெயை எந்தக் கேனில் ஊற்றி, அதை எங்கே மூடி வைத்தார் என்பதில் தொடங்குகிறது.

சங்கம் செய்யத்தகாதது

இவ்வளவு எளிதாயின் நம் சங்கக் கட்டடத்தின் பின்புறமே இரண்டு பீப்பாய்களை வைத்துக் காய்ச்சலாமே என்று சில அங்கத்தினர்கள் நினைக்கக்கூடும். கூடாது என்றே அழுத்தமாகக் கூறுகிறோம். காரணம் மெத்தனால்.

மெத்தனால் ஏறக்குறைய 65 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. அதன் சுடரோ பகலில் கண்ணுக்குப் புலப்படாது. தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலில் சேரும். சிறிதளவு குடித்தாலும் பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமமின்றி மெத்தனாலை வைத்திருப்பது குற்றம். மனிதர் நடமாடும் சங்க வளாகத்தில் இப்பொருளைப் பீப்பாயில் வைத்திருப்பதால் வரும் அபாயம், அதிலிருந்து கிடைக்கும் எந்த இலாபத்துக்கும் ஈடாகாது.

அடியில் தங்கும் கிளிசரினும் அவ்வாறே. அதில் மெத்தனாலும் காரமும் சோப்பும் கலந்திருக்கும். தூய்மைப்படுத்தாத கிளிசரினை மாட்டுத் தீவனத்தில் கலப்பதோ வயலில் கொட்டுவதோ தகாது. காய்ச்சுதல், பிரித்தல், சோதித்தல் ஆகியவை உரிமமும் இரசாயனப் பயிற்சியும் பெற்ற ஆலைகளின் வேலை.

தோல் ஆலைகளின் கொழுப்பு

இப்பகுதிக்கே உரிய மற்றொரு கொழுப்பையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சுண்ணாம்பில் ஊறிய தோலின் உட்புறத்திலிருந்து சதையும் கொழுப்பும் வழித்தெடுக்கப்படுகின்றன. அக்கழிவிலுள்ள கொழுப்பையும் பயோடீசலாக்கலாம் என்பதைச் சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆராய்ந்துள்ளனர். ஆயினும் அது பொரித்த எண்ணெயைவிடக் கடினமான மூலப்பொருள். சுண்ணாம்பு அக்கொழுப்பில் ஒரு பகுதியை முன்னமே சோப்பாக்கியிருக்கும். தனி அமிலமும் மிகுந்திருக்கும். ஆகவே அமிலத்தால் பதப்படுத்தும் வேலை முதலில் வேண்டும். ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஏற்று நடத்தவேண்டிய காரியம் அது. சங்கங்கள் அதில் இறங்காமல், தம் கைக்கு எட்டும் பலகாரச் சட்டியோடு தொடங்குவதே முறை.

காட்டாமணக்குக் கற்பித்த பாடம்

பயோடீசல் என்றவுடன் நம் விவசாய அங்கத்தினர்களுக்குக் காட்டாமணக்கு நினைவுக்கு வரும். 2003இல் திட்டக் கமிஷனின் குழு ஒன்று, தரிசு நிலங்களில் காட்டாமணக்குப் பயிரிட்டு டீசலுக்கு மாற்று காணலாம் எனப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டிலும் பலர் நட்டனர். நீரும் உரமும் இன்றி வளரும் என்றனர். செடி வளர்ந்தது உண்மையே, ஆனால் எதிர்பார்த்த விதை காய்க்கவில்லை. 2009ஆம் ஆண்டுக் கொள்கை 2017க்குள் 20 சதவிகிதக் கலப்பை நாடியது, அது கைகூடவில்லை.

பொரித்த எண்ணெய் இதனினும் வேறானது. அதற்கு நிலமும் நீரும் வேண்டியதில்லை. உணவுப் பயிரோடு அது போட்டியிடுவதில்லை. எனினும் பாடம் ஒன்றே. வாங்குபவர் யார், விலை என்ன, எடுத்துச் செல்லும் செலவு யாருடையது என்பவை எழுத்தில் உறுதியாகாத வரையில் சங்கத்தின் பணத்தை எதிலும் முடக்கக் கூடாது.

சங்கம் செய்யத்தக்கது

நம் நாட்டில் பால் கூட்டுறவு வென்றது எதனால்? ஒரு வீட்டில் ஒரு படி, மறு வீட்டில் அரைப் படி எனச் சிதறிக் கிடந்த பாலை ஓரிடத்தில் சேர்த்து, தரம் பார்த்து, அளந்து, அன்றே குறித்து, தவறாமல் பணம் கொடுத்ததனால். பொரித்த எண்ணெயும் அவ்வாறே சிதறிக் கிடப்பது. இரண்டு லிட்டருக்காக எந்த ஆலையும் குடியாத்தத்துக்கு லாரி அனுப்பாது. ஆனால் நூறு கடைகள் வாரத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 200 லிட்டர், அதாவது ஏறக்குறைய 180 கிலோ சேரும். மாதத்தில் அது முக்கால் டன்னை நெருங்கும். லாரி வருவதற்கு அது போதுமான காரணம்.

ஜப்பானில் கியோட்டோ நகரம் இதைச் செய்து காட்டியது. அங்கே 1997 முதல் வீடுகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை அந்தந்த வட்டாரத்து மக்களே சேகரிக்க, நகராட்சியின் குப்பை வண்டிகள் அதிலிருந்து செய்த எரிபொருளால் ஓட்டப்பட்டன. 2004இல் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் செய்யும் ஆலையையும் நகராட்சி அமைத்தது. அங்கே மக்களின் வேலை காய்ச்சுவதன்று, சேர்ப்பதே.

நம் சங்கம் ஒன்று தொடங்க விரும்பினால் பின்வரும் முறையை யோசிக்கலாம்.

1. முதலில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரை அணுகி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் யார் யார் என்று அறிதல். 2019இல் மாவட்டம் பிரிந்த பின்பு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் அலுவலகம் தனித்தனியே என்பதை நினைவில் கொள்க. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரைச் சேர்ந்தவை.

2. சங்கத்தின் துணைவிதிகள் இவ்வேலைக்கு இடம் தருகின்றனவா என்பதைக் கூட்டுறவுத் துறை அலுவலரிடம் கேட்டுத் தெளிதல்.

3. சேகரிப்பாளருடன் விலை, எடை, எடுத்துச் செல்லும் நாள் ஆகியவற்றை எழுத்தில் ஒப்பந்தம் செய்தல்.

4. கடைகளுக்கு மூடியுள்ள கேன்களைச் சங்கமே கொடுத்தல். ஆறிய எண்ணெயை மெல்லிய துணியில் வடித்து ஊற்றவும், மழைநீர் படாமல் வைக்கவும், மண்ணெண்ணெயோ இஞ்சின் ஆயிலோ கலவாமல் காக்கவும் சொல்லிக் கொடுத்தல்.

5. ஒவ்வொரு கேனையும் எடை போட்டு, ரசீது கொடுத்து, புத்தகத்தில் பதிதல்.

6. தீபாவளியை அடுத்த வாரத்தில் அங்கத்தினர் வீடுகளிலிருந்து மிஞ்சிய எண்ணெயைப் பெறுதல். நம் பெண்மணிகள் இப்பணியை ஆண்களைவிடச் செம்மையாக நடத்துவர் என்பதில் ஐயமில்லை.

இனி, யாவரும் மறைக்கும் இடர்ப்பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கறுத்த எண்ணெயை வாங்கி மீண்டும் பொரிப்பவர், புது எண்ணெயின் விலையோடு ஒப்பிட்டே விலை பேசுகிறார். எரிபொருள் செய்பவரோ டீசல் விலையோடு ஒப்பிட்டு, அதில் மெத்தனால், உழைப்பு, சோதனை ஆகிய செலவுகளைக் கழித்தே விலை கொடுக்க முடியும். ஆதலால் தவறான வழியில் கிடைக்கும் விலை பல வேளைகளில் மிகுந்தே இருக்கும். விலையால் மட்டும் இப்போட்டியில் வெல்ல இயலாது.

ஆனால் கூட்டுறவுக்கு விலையைத் தவிர வேறு பலமும் உண்டு. ‘இக்கடை தன் பழைய எண்ணெயைச் சங்கத்திடம் ஒப்படைக்கிறது’ என்ற பலகையைக் கொடுத்தால், அந்தப் பலகையைப் பார்த்து உண்ண வருபவர் நம் அங்கத்தினரே. ஒரு சங்கத்தில் ஐந்நூறு குடும்பங்கள் இருந்தால், அவை எந்தக் கடையில் உண்கின்றன என்பது கடைக்காரருக்குப் பெரிய செய்தி. அந்தப் பலகை பொய்க்காதிருக்க, வாங்கிய புது எண்ணெய்க்கும் கொடுத்த பழைய எண்ணெய்க்கும் உள்ள பொருத்தத்தைச் சங்கத்தின் புத்தகம் காட்ட வேண்டும். நாள் முழுவதும் பொரிக்கும் கடை மாதத்துக்கு ஒரு லிட்டரே கொடுத்தால் மற்றது எங்கே என்று கேட்கும் உரிமை அப்போது நமக்கு உண்டு.

கிடைக்கும் இலாபம் பெரிதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கேனுக்கும் வண்டிக்கும் எழுத்தருக்கும் ஆகும் செலவு போக மிஞ்சுவது சொற்பமே. இது நம் இரத்தினக் கம்பளமன்று. வீட்டு வாசலைத் துடைக்கும் துணி. ஆனால் அது இல்லாத வீடு வீடாகாது.

முடிவாக

பாலாற்றுப் பகுதி மக்களுக்குக் கழிவைப் பற்றி எவரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தோல் கழிவுநீரால் கிணறுகளும் வயல்களும் கெட்டதைக் கண்ட பிறகே, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. 2025 ஜனவரியிலும் பாலாற்றின் மாசு குறித்து அந்த நீதிமன்றம் மீண்டும் கடுமையான ஆணைகளைப் பிறப்பிக்க நேர்ந்தது. கெட்ட நிலத்தை மீட்பது எத்தனை தலைமுறையின் வேலை என்பதை இதனினும் தெளிவாக எதுவும் காட்டாது.

ஆலைக் கழிவை எதிர்த்து வழக்காடிய நாம், நம் கடைத்தெருவின் கழிவை நாமே ஒழுங்குபடுத்த முடியும் என்று காட்டுவது அழகல்லவா? இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். அரசு மானியத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு தராசு, சில கேன்கள், ஒரு ரசீதுப் புத்தகம், நேர்மையான ஓர் எழுத்தர் ஆகியவை போதும். எரிபொருளை ஆலை செய்யட்டும். கறுத்த எண்ணெய் நம் குழந்தைகளின் இலைக்குத் திரும்பாமல் தடுக்கும் வேலையைச் சங்கம் செய்யட்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரில் எத்தனை சட்டிகள் எரிகின்றன என்று எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.